பதினோரு மெட்டுக்குச் சொந்தக்காரி

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய இடம் ஒன்று இருந்தது. முந்நூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிற என் ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம். அங்கே எழுதாமல் விட்டவளுக்கு இங்கே எழுத என்ன யோக்கியதை? அதனால் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வண்டியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட.

வண்டி என்றால் தாம்பரத்தில் காலை ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டுக் கடற்கரை வரை போகிற மின்சார ரயில். அதில் பெண்கள் பெட்டி. ஜன்னலோரம் எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு பெஞ்சும் அதையொட்டி நிற்கிற இடமும் ஒரு பஜனை கோஷ்டிக்கு என்று யாரும் எழுதித் தராமலே பட்டா ஆகியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நர்ஸ், இரண்டு பள்ளிக்கூட டீச்சர், துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பங்கஜம் அக்கா. நான் சொல்ல வந்த அக்காவுக்கு எழும்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, ஏற்றிச் செருகிய புடவை, தோள்பையில் ஒரு ஜோடி ஜால்ரா. பெரிய குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து லைனில் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனாலும் சுருதி அசையாது. முறையாகப் பதினாலு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்ட எனக்கு அது முதல் நாளே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

எந்தப் பொருளையும், எந்தப் பேச்சையும், இது இன்னாருடையது என்று சொல்லாமல் அக்காவால் கையில் எடுக்கவே முடியாது. ஒரு நாள் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். பிரமாதம் என்றோம். "ஐயோ, நான் செய்யலமா. பக்கத்து வூட்டு ஸ்டெல்லா செஞ்சது. டப்பா மட்டுந்தான் என்னுது" என்றார். ஜோக் சொன்னால் நாங்கள் சிரித்து முடிப்பதற்குள், "இது எங்க முதலாளி சொன்னது" என்று அவரிடமே ஒப்படைத்துவிடுவார். ஒருமுறை போனில் வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்தா, இதெல்லாம் உங்கம்மா உன்ன திட்டற திட்டுதான். நானா புச்சா ஒண்ணியும் சொல்லல" என்றார். பெட்டியே குலுங்கிச் சிரித்தது.

வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் அவர் வீடு ஜன்னல் மட்டத்துக்கு மூழ்கிப் போயிற்று. பதினைந்து நாள் கழித்து வண்டி ஏறியபோது, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார். "பொடவ மாடி வூட்டு கீதாவோடது. ஜாக்கெட் என் தங்கச்சிது. செருப்பு சர்ச்சாண்ட ஒருத்தங்க குடுத்தாங்க. பேரு கேட்டு வெச்சிகினேன், எஸ்தர்." வீடே போய்விட்ட நேரத்தில் செருப்பு கொடுத்தவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்கிற மனுஷியைப் பார்த்து எனக்கு அன்று சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

நான் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தது பக்தியால் அல்ல. இசைத்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு ஒன்றரை வருஷம் தலைப்பு கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தேன். எதைக் கொண்டுபோனாலும் எங்கள் கைடு மேடம் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "இதுல ஏற்கெனவே பத்து பேர் பண்ணியாச்சும்மா." ராக லட்சணமா? பண்ணியாச்சு. கோயில் பாட்டா? பண்ணியாச்சு. சினிமாப் பாட்டில் ராகமா? "அதுல பத்து இல்ல, நூறு பேர்." ஒரு நாள் அவரைப் பார்க்க நேரமாகிவிட்டதே என்று கிடைத்த பெட்டியில் ஓடி ஏறினேன். பல்லாவரம் வருவதற்குள் எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

"எலெக்ட்ரிக் ட்ரெயின் பஜனையா?" மேடம் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது யாரும் தொடல. விட்டுடாதே. நல்லா ப்ளான் பண்ணிக்கோ."

ப்ளான் பண்ணுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சேலையூரில் எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, நாலு கலர் பேனாவில் கட்டம் கட்டினேன். இந்த மாதம் களப்பணி, இந்த மாதம் ஸ்வரக் குறிப்பு, இந்த மாதம் முதல் வரைவு. அதன்படியே இரண்டு வருஷம் அந்த வண்டியில் போய் வந்தேன். இரண்டாவது வாரத்திலேயே அக்கா எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார். "இன்னா டாக்டரு, இன்னிக்கி லேட்டு?" என்று கூப்பிட்டு, எனக்காகப் பை போட்டுப் பிடித்து வைத்திருந்த இடத்தைக் காலி செய்வார். பட்டம் கிடைப்பதற்கு மூன்று வருஷம் முன்னால் என்னை டாக்டர் என்று கூப்பிட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பாட்டிலும் அவருடைய அந்த வழக்கம் அப்படியே இருந்தது. பாட ஆரம்பிக்கும் முன் முகவரி சொல்லிவிடுவார். "இது பங்கஜம் அக்கா ஓர்ப்படி பாடினது. ரெண்டாவது அடியில ஒரு வளைவு வரும் பாரு, அது மட்டும் அவங்களுது இல்ல. குன்றத்தூர் மலையில படிக்கட்டாண்ட ஒருத்தர் பாடிகினு இருந்தாரு. தணிகாசலம்னு பேரு." ஒரே ஒரு வளைவுக்கு ஒரு தனி ஆள்! ஆய்வு செய்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் அட்டவணை போட்டேன். பாட்டு, மெட்டு, தாளம், கடைசியாக யாரிடமிருந்து வந்தது என்று ஒரு பத்தி. நாற்பத்து மூன்று பாட்டு சேர்ந்தது. முப்பத்திரண்டுக்கு அக்கா பெயர் சொல்லியிருந்தார். மீதி பதினொன்றுக்கு எதுவும் சொன்னதில்லை. எடுத்த எடுப்பில் பாடிவிடுவார். நானும் கேட்கவில்லை. அந்தப் பத்தியில் பதினோரு கோடு போட்டேன்.

அந்தப் பதினொன்றில்தான் இருந்தது விஷயம். ஒவ்வொரு மெட்டிலும் அடியின் நடுவில் குரல் ஒரு ஸ்வரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜால்ரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை சுற்று வேண்டுமானாலும் அங்கேயே இருக்கலாம், பிறகு விட்ட இடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். குரோம்பேட்டையில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறும்போது, பல்லாவரத்தில் இறங்குகிறவர்கள் "வழி விடுங்க வழி விடுங்க" என்று கத்தும்போது, பாட்டு அறுந்து போகாமல் அந்த ஒரு ஸ்வரத்தில் காத்திருக்கும். வண்டி நகர்ந்ததும் மேலே போகும். எங்கேயும் நான் கேட்டிராத அமைப்பு அது.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நாலாம் அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தேன்: "ஆசிரியரற்ற மெட்டுகள்: பயணமே படைப்பாளி." இந்த மெட்டுகளை யாரும் உட்கார்ந்து போடவில்லை, வருஷக்கணக்காக ஓடிய ரயிலும் ஏறி இறங்கிய கூட்டமும் சேர்ந்து இவற்றைச் செதுக்கியிருக்கின்றன என்பது என் முடிவு. மேடம் படித்துவிட்டு, "இது ஒண்ணு போதும்மா உனக்கு" என்றார். ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். கைதட்டினார்கள், கேடயம் கொடுத்தார்கள். ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாயிற்று. அனுப்பியபின் தலைப்பையோ அத்தியாயத்தையோ தொட முடியாது. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று மாதம் இருந்தது. இதற்கிடையில் ஒரு கல்லூரியில் இசைத்துறைக்கு உதவிப் பேராசிரியர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அந்த ஜூனில் மேடம் ஓய்வு பெறப் போகிறார். எல்லாம் என் சார்ட்டில் கட்டம் போட்டபடியே வந்துகொண்டிருந்தது.

பிற்சேர்க்கையில் போகிற அட்டவணையில் பெயர்கள் சரியா என்று பார்த்துக்கொள்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிச்சூருக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து, காபித்தூள் யார் வாங்கி வந்தது என்பதையும் சொல்லிவிட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார்.

"இவங்க சரி. இவங்க இனிஷியல் கே இல்ல, ஆரு. இது நாத்தனார் இல்லமா, ஓர்ப்படி. மாத்திக்கோ." அப்புறம் விரல் நின்றது. "இதுல ஏன் வெறுமனே கோடு போட்டு வெச்சிருக்க?"

"அதெல்லாம் யார் போட்ட மெட்டுன்னு நீங்க சொல்லலையே அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அட இன்னா டாக்டரு நீ! சொல்லலன்னா என்னுதுன்னு அர்த்தம். அடுத்தவங்களுதுன்னாதான் சொல்லணும். என்னுத நானே எதுக்கு சொல்லிகினு இருக்கப் போறேன்?"

இரண்டு வருஷம் கூடவே இருந்து, எலுமிச்சை சாதத்திலிருந்து செருப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறவர் இவர் என்று தெரிந்தும், பெயர் சொல்லாதது ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெருவில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். படித்தவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அக்கா உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொரு மெட்டாக விளக்க ஆரம்பித்தார். "முன்னெல்லாம் பல்லாவரம் வந்தா பாட்டு புட்டுகினு பூடும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பாங்க. கண்ணாடி கடையில லென்ஸ் தேய்ச்சிகினே ரோசன பண்ணேன். நடுவுல ஒரு எடத்துல குந்த வெச்சா இன்னா? கூட்டம் ஏறட்டும், எறங்கட்டும், நாம குந்திகினு இருப்போம். அப்பிடித்தான் போட்டேன். மொத மெட்டு வந்து, எம்பொண்ணு பத்தாவது பரிச்ச எழுதின வருஷம்." எந்த ஸ்வரத்தில் நிறுத்தினால் களைப்பில்லாமல் நிற்க முடியும், நர்ஸ் அம்மா ஸ்தாயிக்கு எது ஒத்துவரும் என்றெல்லாம் பாடிப் பாடிக் காட்டினார். ஸ்வரத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் என்ன செய்கிறோம் என்பது அவருக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருந்தது.

டீப்பாயின் மேல் என் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி அதை அணைத்தேன். அக்கா பாடிக்கொண்டிருக்கும்போதே அணைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். "சினாப்சிஸ் போயாச்சு. இப்ப முடிவ மாத்தணும்னா மறுபடி கமிட்டி, புது கைடு, இன்னும் ரெண்டு வருஷம். அந்த வேலையும் போச்சு. யோசிச்சுக்கோ. இன்னொண்ணு, ஒருத்தங்க நான்தான் போட்டேன்னு சொன்னா அது ஆதாரம் ஆயிடுமா? வேணும்னா அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுடு" என்றார். பழியை அவர் மேல் தூக்கிப் போட மாட்டேன். ஒரு வரி போடச் சொன்னார் அவர். போட்டால் படிக்கிறவன் அதைப் பிடித்துக்கொண்டு அத்தியாயம் முழுவதையும் பிரித்துவிடுவான் என்று பயந்து அந்த ஒரு வரியையும் போடாதவள் நான். பதினோரு கோடும் அப்படியே அச்சுக்குப் போயின. நன்றியுரையில், "பெண்கள் பெட்டியின் பயணிகள் அனைவருக்கும்" என்று எழுதினேன். எல்லோருக்கும் நன்றி சொன்னால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

வண்டியில் அக்கா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "அந்தக் கோடெல்லாம் சரி பண்ணிட்டியா?"

"ஆச்சு அக்கா."

"ஓர்ப்படின்னு மாத்துனியா? அவங்க கோச்சுக்குவாங்க."

"மாத்திட்டேன் அக்கா."

இரண்டில் ஒன்று உண்மை.

பட்டம் தருவதற்கு முன் வாய்மொழித் தேர்வு நடக்கும். வைவா என்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். இதில் ஒரு சம்பிரதாயம் உண்டு, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சபையில் யாரும் கேள்வி கேட்காவிட்டால் நன்றாக இருக்காது. அதனால் ஆய்வு செய்தவரே நாலைந்து கேள்வியைச் சீட்டில் எழுதி, ஜூனியர் யாரிடமாவது கொடுத்து, தெரிந்தவர்களுக்கு விநியோகம் செய்துவிடுவார். அவர்கள் எழுந்து அப்போதுதான் தோன்றியதுபோல் கேட்பார்கள். நாமும் ஒரு நொடி யோசிப்பதுபோல் இருந்துவிட்டுப் பதில் சொல்வோம். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் ஐந்து சீட்டு எழுதினேன்.

அக்காவை நான் அழைக்கவில்லை. தேதி பங்கஜம் அக்கா வழியாகத் தெரிந்துவிட்டது. நாலு பேர் கடையிலும் ஆபீசிலும் பர்மிஷன் போட்டுவிட்டுப் பட்டுப்புடவையில் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். சீட்டு வாங்க வேண்டிய என் சிநேகிதி ஒருத்தி கடைசி நேரத்தில் வரவில்லை. நீலச் சுடிதார் போட்ட ஜூனியர் பெண் சுற்றிப் பார்த்தாள். சிரித்த முகமாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டாள். மேடையில் நின்றுகொண்டு நான் அதைப் பார்க்கிறேன். ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்று கேள்வி ஆயிற்று. அக்கா எழுந்தார்.

"வணக்கங்க. இந்தக் கேள்வி என்னுது இல்லீங்க. அதோ, நீல சுடிதார் போட்ட பொண்ணு குடுத்துச்சு. எழுத்தப் பாத்தா நம்ம டாக்டரு எழுத்து மாதிரி கீது. படிக்கிறேன்."

ஹால் கொல்லென்று சிரித்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். அவரும் சிரித்துவிட்டு, "படிங்கம்மா, எல்லா ஊர்லயும் இப்படித்தான்" என்றார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "ஆய்வாளர் குறிப்பிடும் பதினோரு மெட்டுகளையும் அமைத்தவர் யார் என்று கண்டறிய முயன்றாரா?"

கடைசி வார்த்தைக்கு வருவதற்குள் அவருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. தலை நிமிர்ந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அப்படி ஒரு மலர்ச்சி. இந்தக் கேள்வியை எழுதியவள் நான், அது வந்து சேர்ந்ததோ அவர் கையில். சபை நடுவில் தன்னை எழுப்பி நிறுத்திப் பெயர் சொல்லத்தான் நான் இப்படி ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

நான் ஒரு நொடி யோசிப்பதுபோல் இருந்தேன். அதைப் பழகி வைத்திருந்தேன் அல்லவா? பிறகு சொன்னேன். "முயன்றேன். தனி ஒருவர் என்று யாரும் இல்லை. பல ஆண்டுப் பயணத்தில், பல குரல்கள் பட்டுப் பட்டு, தாமாக உருவானவை. பயணமே படைப்பாளி என்பதுதான் இந்த ஆய்வின் முடிவு."

கைதட்டினார்கள். பங்கஜம் அக்கா விருட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரிங்க" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னை அவர் வாங்க போங்க என்று சொன்னதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா மட்டும் வராந்தாவில் நின்றிருந்தார். கையில் ஒரு டம்ளர். "கடைசி பதில் சொல்ல சொல்லோ கொரலு கம்மிடுச்சு. சுடுதண்ணி, குடி" என்றார். வாங்கிக் குடித்தேன். மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். கேட்டிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. பக்கத்தில் தேர்வாளர் வந்துவிட்டார், "கங்கிராஜுலேஷன்ஸ் டாக்டர்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஏழு ஐம்பது வண்டியில் நான் ஏறவே இல்லை. கல்லூரி வேலை கிடைத்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பிடித்துப் போனேன், பிறகு ஸ்கூட்டர் வாங்கினேன். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏற வேண்டி வந்தால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். ஒருமுறை மார்க்கெட் பக்கம் பங்கஜம் அக்கா எதிரே வந்தார். பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. இதற்குள் என் நாலாம் அத்தியாயம் அச்சாகி, அதைப் பார்த்துச் சிலர் எழுதி, அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் எழுதிவிட்டார்கள். ரயில்தான் மெட்டுப் போட்டது என்பது இப்போது பாடத்தில் இருக்கிறது. பாடம் நடத்துகிறவளும் நான்தான்.

போன வருஷம் என்னிடம் எம்.ஏ. ஆய்வுக்கு ஒரு மாணவி சேர்ந்தாள். பெருங்களத்தூரிலிருந்து வருகிற பெண், துறுதுறுவென்று இருப்பாள். "மேம், உங்க தீசிஸ் படிச்சேன். அதையே இன்னிக்கு நிலைமையில பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். வேறு தலைப்பு எடு என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "இல்ல மேம், உங்க டாபிக்தான்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் மேடம் அன்று சொன்னதையே நானும் சொன்னேன், பத்து பேர் பண்ணியாச்சு என்று. எடுபடவில்லை.

போன மாதம் ஒரு காலையில் அறைக்குள் குதித்துக்கொண்டு வந்தாள். "மேம்! அந்த பதினோரு மெட்டும் இன்னும் பாடறாங்க. ஒரு அக்கா இருக்காங்க, எந்தப் பாட்டு எடுத்தாலும் யாருதுன்னு சொல்லிட்டுத்தான் பாடறாங்க. தகவல் சொல்றதுல செம இன்ஃபார்மன்ட் மேம். கேளுங்க." போனை என் மேஜைமேல் வைத்தாள்.

வண்டிச் சத்தம். அடுத்த நிறுத்தம் குரோம்பேட்டை என்கிற அறிவிப்பு. பிறகு அக்காவின் குரல். கொஞ்சம் தேய்ந்திருந்தது. சுருதி அப்படியே இருந்தது.

"இந்த மெட்டு யாரும் போட்டதில்லமா. வண்டியே போட்டுச்சாம். படிச்ச பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு."

மாணவியின் குரல்: "யாருக்கா அது? பேரு சொல்லுங்க."

சற்று நேரம் ஜால்ரா மட்டும் கேட்டது. பிறகு, "பேரெல்லாம் வோணாம்மா. அதுக்கு இன்னா கஷ்டமோ, அப்பிடி சொல்லிச்சு. நீ பாட்ட எழுதிக்கோ."

மாணவி போனை நிறுத்தினாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "படிச்ச பொண்ணுன்னா நீங்கதானே மேம்? பாருங்க, உங்க ஃபைண்டிங் ஃபீல்டுலயே கன்ஃபர்ம் ஆயிடுச்சு! செருப்பு யார் வாங்கிக் குடுத்தாங்கன்னுகூட பேரோட சொல்றாங்க, உங்க பேர மட்டும் எவ்ளோ கேட்டும் சொல்லல மேம். மறந்துட்டாங்க போல."

"இருக்கும்" என்றேன்.

"இத என் நாலாவது சாப்டர்ல சேர்த்துக்கட்டுமா மேம்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, கைடு இல்லை, கமிட்டி இல்லை, பயப்படுவதற்கு ஒருத்தரும் இல்லை. அந்தப் பெண் தலையைச் சாய்த்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேர்த்துக்கோ" என்றேன்.

அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். அழவில்லை. பதினோரு மணிக்கு வகுப்பு இருந்தது. போய்ப் பாடம் எடுத்தேன்.